அகஸ்டின் லூயி கோஷி

அகஸ்டின் லூயி கோஷி (ஆகஸ்டு 21, 1789 - மே 23, 1857) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணித இயலரும் பொறியாளரும் ஆவார். நுண்கணிதத்திற்குக் கண்டிப்பான நிறுவல் முறையை அளித்தவர்களுள் இவர் முதன்மையானவர். சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டிற்கு அடித்தளம் இட்டவரும் இவரே. கணிதம் பயில்வோர் இவரைப் பெரும்பாலும் இவ்விரண்டிற்காகவே அறிவர். பொறியியல் பயில்வோருக்கோ இவர் தொடர்ம விசையியலின் தந்தை ஆவார். திண்மம், நீர்மம், வளிமம் ஆகியவற்றை இடைவெளியற்ற தொடர்ச்சியான ஊடகமாகக் கொண்டு அவற்றின் இயக்கத்தையும் உருமாற்றத்தையும் ஆராயும் துறையே தொடர்ம விசையியல். பாலம், அணை, விமான இறக்கை, நிலத்தடிச் சுரங்கம் ஆகியவற்றைக் கணக்கிடும் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் தகைவு என்னும் கருத்தை அதன் முழு வடிவில் முதன்முதலில் வகுத்தவர் கோஷியே.

இளமை

பாஸ்டில் சிறை வீழ்ந்து ஐந்து வாரங்கள் கழித்துக் கோஷி பாரிசில் பிறந்தார். தந்தை லூயி பிரான்சுவா கோஷி, முடியாட்சிக் காலத்துப் பாரிசு காவல்துறைத் தலைவரின் கீழ் உயர் அலுவலராகப் பணியாற்றியவர். அத்தலைவர் 1794-ல் கொலைத்தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார். தமக்கும் ஆபத்து நேரும் என அஞ்சிய தந்தை, குடும்பத்துடன் பாரிசுக்கு அருகிலிருந்த ஆர்க்கெய் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கு உணவுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. வளரும் வயதில் போதிய உணவின்றி வாடிய சிறுவனின் உடல்நலம் பின்னாளிலும் திடமாக இருக்கவில்லை. புரட்சியின் மீது வெறுப்பும், அரச குடும்பத்தின் மீதும் கத்தோலிக்க சமயத்தின் மீதும் அசையாத பற்றும் கோஷியிடம் வேரூன்றியது இக்குடும்பச் சூழலில்தான். இப்பற்று அவரது வாழ்க்கையின் போக்கையே பின்னர் மாற்றியது.

நெப்போலியன் ஆட்சிக்கு வந்தபின் தந்தைக்கு மேலவையின் செயலாளர் பதவி கிடைத்தது. இதனால் லாப்லாசு, லாக்ராஞ்சு ஆகிய இரு பெரும் கணித இயலர்களின் பழக்கம் குடும்பத்திற்கு ஏற்பட்டது. சிறுவனின் கணிதத் திறமையைக் கண்ட லாக்ராஞ்சு, முதலில் அவனுக்கு இலக்கியக் கல்வி அளிக்கும்படி தந்தைக்கு அறிவுரை கூறினார். அதன்படி கோஷி பள்ளியில் இலத்தீன் முதலிய மொழிகளைக் கற்றுப் பல பரிசுகளையும் பெற்றார்.

பொறியாளர் பணி

1805-ல் எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் கோஷி இரண்டாம் இடம் பெற்றார். 1807-ல் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான அரசுப் பொறியியல் பள்ளியில் சேர்ந்து குடிசார் பொறியியல் பயின்றார். பயிற்சிக் காலத்தில், ஊர்க் என்னும் ஆற்றிலிருந்து பாரிசு நகருக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்ப் பணியில் ஈடுபட்டார்.

1810-ல் செர்பூர்க் துறைமுகத்தில் இளநிலைப் பொறியாளராக அமர்த்தப்பட்டார். இங்கிலாந்தை எதிர்கொள்ள ஒரு பெரும் கடற்படைத் தளத்தை அங்கு அமைக்க நெப்போலியன் விரும்பினார். கோஷி செர்பூர்க்குக் கொண்டுசென்ற நூல்கள் மிகச் சில. லாப்லாசின் வானியல் விசையியல் நூலும் லாக்ராஞ்சின் சார்புக் கோட்பாட்டு நூலும் அவற்றுள் அடங்கும். பகலெல்லாம் துறைமுகப் பணி, ஓய்வு நேரங்களில் கணிதம் என்பது அவரது வழக்கமாயிற்று. குவிவான பன்முகி ஒன்றின் முகங்கள் குறிப்பிடப்பட்டால் அதன் வடிவமும் மாறாது உறுதிப்படும் என்னும் தேற்றத்தை 1811-ல் நிறுவினார். ஆயினும் இரட்டைச் சுமையை உடல் தாங்கவில்லை. 1812-ல் நோயுற்றுப் பாரிசு திரும்பினார். அதன்பின் அவர் கட்டுமானப் பணியை விட்டுப் படிப்படியாகக் கணிதத்திற்கே தம்மை ஒப்படைத்தார். நீரின் அழுத்தத்தையும் கல்லின் சுமையையும் களத்தில் கண்ட அனுபவம் கோஷிக்கு இருந்தது என்பது அவரது பிற்கால ஆய்வுகளை நோக்கும்போது கருதத்தக்கது.

பேராசிரியர்

1815-ல் கோஷி எக்கோல் பாலிடெக்னிக்கில் ஆசிரியரானார். அதே காலத்தில் நீர் அலைகளைப் பற்றிய ஆய்வுக்காக அறிவியல் கழகத்தின் பெரும் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் மீண்ட போர்பன் அரசு, 1816-ல் மோஞ்சு, கார்னோ ஆகிய இருவரையும் அரசியல் காரணங்களுக்காக அறிவியல் கழகத்திலிருந்து நீக்கியது. அவ்வாறு ஏற்பட்ட வெற்றிடத்தில் அரசு ஆணையால் அமர்த்தப்பட்டவர்களுள் கோஷியும் ஒருவர். அவரது தகுதியை மறுத்தவர் எவருமில்லை எனினும், இந்த வழியில் இடம்பெற ஒப்பியதைப் பல அறிவியலாளர்கள் மன்னிக்கவில்லை. 1818-ல் அலோயிசு டி பூர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு பெண் மக்கள் பிறந்தனர்.

1821-ல் வெளிவந்த பகுப்பியல் பாடநூல் கணித வரலாற்றில் ஒரு திருப்புமுனை. எல்லை, தொடர்ச்சி, தொடர்களின் ஒருங்கல் ஆகியவற்றுக்கு அதில் துல்லியமான வரையறைகள் தரப்பட்டன. ஆனால் வருங்காலப் பொறியாளர்களான மாணவர்களுக்கு இந்தக் கண்டிப்பு மிகையாகத் தோன்றியது. பயன்பாட்டிற்குரிய பகுதிகள் குறைந்துவிட்டன எனக் கல்லூரி நிருவாகமும் குறைகூறியது. அத்தகைய குறைகூறலுக்கு ஆளான ஆசிரியர், அடுத்த ஆண்டே பொறியியலுக்கு அதன் மிக முக்கியமான கருத்துகளில் ஒன்றை அளித்தார்.

கோஷிக்கு முந்தைய நிலை

திண்மப் பொருள்களின் வலிமை பற்றிய ஆய்வு கோஷியுடன் தொடங்கவில்லை. கலீலியோ 1638-ல் விட்டங்களின் வலிமையை ஆராய்ந்தார். சுருள்வில்லின் நீட்சி அதன்மீது செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஊக் 1678-ல் வெளியிட்டார். கூலும் விட்டத்தின் குறுக்குவெட்டில் செயல்படும் விசைகளைப் பகுத்துக் காட்டினார். ஆய்லர் பாய்மங்களின் இயக்கச் சமன்பாடுகளை அமைத்தார். எனினும் இவை தனித்தனிக் கணக்குகளாகவே இருந்தன. கம்பி, விட்டம், தகடு எனப் பொருளின் வடிவத்திற்கேற்பத் தனி வழிமுறை தேவைப்பட்டது. எவ்வடிவப் பொருளாயினும் அதன் உள்ளே ஒரு புள்ளியில் என்ன நிகழ்கிறது என்பதைக் கூறும் பொதுமொழி இருக்கவில்லை.

1821-ல் நேவியர் என்னும் பொறியாளர் மீட்சித்தன்மையுள்ள திண்மங்களுக்குப் பொதுச் சமன்பாடுகளை அறிவியல் கழகத்தில் அளித்தார். இவரும் பாலங்கள், சாலைகள் பள்ளியில் பயின்றவர். பொருள் என்பது ஒன்றையொன்று ஈர்க்கும், விலக்கும் மூலக்கூறுகளின் தொகுதி என்பது அவரது கருத்து. ஆகவே அவரது சமன்பாடுகள் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகளைப் பற்றிய ஊகத்தைச் சார்ந்திருந்தன. கோஷி அந்த ஊகத்தைத் தவிர்க்கும் வழியொன்றைக் கண்டார்.

தகைவு

1822 செப்டம்பர் 30 அன்று கோஷி தம் முடிவுகளை அறிவியல் கழகத்தில் அறிவித்தார். சுருக்கம் 1823-ல் வெளிவந்தது. முழு விளக்கம் 1827, 1828 ஆண்டுகளில் அவரது கணிதப் பயிற்சிகள் என்னும் வெளியீட்டில் அச்சாயிற்று.

அவரது தொடக்கப்புள்ளி ஆய்லரின் பாய்ம அழுத்தம். அசையாத நீரினுள் ஒரு சிறு பரப்பைக் கற்பனை செய்தால், நீர் அப்பரப்பைச் செங்குத்தாகவே அழுத்தும். பரப்பை எத்திசையில் திருப்பினாலும் அழுத்தத்தின் அளவு மாறாது. ஆகவே ஒரே எண் போதுமானது. திண்மத்தில் இவ்வாறு இல்லை. ஒரு திண்மத்தைக் கற்பனையில் இரண்டாக வெட்டுவோம். வெட்டின் ஒரு பக்கத்துப் பொருள் மறுபக்கத்துப் பொருளின் மீது செலுத்தும் விசை அழுத்தமாகவும் இருக்கலாம், இழுப்பாகவும் இருக்கலாம். அது பரப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தும் இருக்கலாம். வெட்டின் திசையை மாற்றினால் விசையும் மாறும். ஓரலகுப் பரப்பின் மீதான இவ்விசையே தகைவு ஆகும்.

எடுத்துக்காட்டாக, 100 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள ஓர் எஃகுத் தண்டை 10,000 நியூட்டன் விசையால் இழுப்பதாகக் கொள்வோம். தண்டின் நீளத்திற்குச் செங்குத்தான வெட்டில் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் ஆகும். இது முழுவதும் இழுவைத் தகைவு. அதே தண்டை 45 பாகைச் சாய்வில் வெட்டினால், அப்பரப்புக்குச் செங்குத்தாக 50, பரப்பின் வழியே சறுக்கும் திசையில் 50 என இரு கூறுகள் கிடைக்கும். தண்டும் சுமையும் மாறவில்லை. நோக்கும் தளம் மட்டுமே மாறியது.

ஒரு புள்ளியின் வழியாக எண்ணற்ற தளங்கள் செல்கின்றன. அப்படியானால் அப்புள்ளியின் நிலையை அறிய எண்ணற்ற தகைவுகளை அறிய வேண்டுமா என்னும் கேள்வி எழுகிறது. கோஷியின் விடை இதுதான்: ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களின் தகைவுகள் தெரிந்தால் போதும்; மற்ற எல்லாத் தளங்களின் தகைவுகளையும் கணக்கிட்டுவிடலாம்.

இதற்கு அவர் கையாண்ட வாதம் எளிமையானது. பொருளின் உள்ளே மிகச் சிறிய நான்முகி ஒன்றைக் கற்பனை செய்வோம். அதன் மூன்று முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. நான்காவது முகம் சாய்ந்தது. முகங்களின் மீது செயல்படும் விசைகள் பரப்பளவைச் சார்ந்தவை. எடையும் நிறையால் விளையும் முடுக்க விளைவும் கன அளவைச் சார்ந்தவை. நான்முகியின் பக்கங்களை 1 மீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டராகச் சுருக்கினால் பரப்பு 10,000 மடங்கு குறையும். கன அளவோ 10,00,000 மடங்கு குறையும். மேலும் மேலும் சுருக்கினால் எடை முதலியன புறக்கணிக்கத்தக்கவை ஆகிவிடும். எஞ்சுபவை நான்கு முகங்களின் விசைகளே. அவை தம்முள் சமன்பட வேண்டும். எனவே சாய்ந்த முகத்தின் விசையை மற்ற மூன்று முகங்களின் விசைகள் தீர்மானிக்கின்றன. இவ்வாதம் கோஷியின் நான்முகி எனப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது.

மூன்று தளங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று கூறுகள் என மொத்தம் ஒன்பது எண்கள். பொருளின் சிறு கூறு தானாகச் சுழலத் தொடங்காதவாறு திருப்புத்திறன்கள் சமன்பட வேண்டும் என்னும் நிபந்தனையால் சறுக்குக் கூறுகள் இரண்டிரண்டாகச் சமமாகின்றன. ஆகவே தனித்தனியான எண்கள் ஆறு மட்டுமே. இவ்வகைக் கணியத்திற்கு டென்சர் என்னும் பெயரை இன்றைய பொருளில் வழங்கியவர் ஃபோக்ட். அது 1898-ல் நிகழ்ந்தது. பெயர் தோன்றும் முன்பே கருத்தைக் கோஷி கையாண்டுவிட்டார்.

முதன்மைத் தகைவுகள்

எப்புள்ளியிலும் சறுக்குத் தகைவு சிறிதும் இல்லாத மூன்று செங்குத்துத் தளங்கள் உண்டு என்பதையும் கோஷி காட்டினார். அத்தளங்களில் செயல்படுபவை முதன்மைத் தகைவுகள். வகுப்பறைச் சுண்ணக்கட்டி ஒன்றை இரு கைகளாலும் பற்றி முறுக்கினால், அது நேர்க்குறுக்காக உடைவதில்லை. அச்சுக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் திருகு வடிவில் உடைகிறது. முறுக்கும்போது மிகப் பெரிய இழுவைத் தகைவு அச்சாய்ந்த தளத்தில் அமைவதே காரணம். இழுவையைத் தாங்காத பொருள்கள் எங்கு, எத்திசையில் விரிசல் விடும் என்பதை முன்கூட்டியே அறிய இக்கருத்து உதவுகிறது.

திரிபும் இயக்கச் சமன்பாடும்

தகைவு விசையைப் பற்றியது. திரிபு உருமாற்றத்தைப் பற்றியது. ஒரு சிறு கோட்டின் நீளம் எவ்விகிதத்தில் மாறுகிறது, இரு கோடுகளுக்கு இடையிலான கோணம் எவ்வளவு மாறுகிறது என்பவற்றையும் கோஷி ஆறு கூறுகளால் குறித்தார். 2 மீட்டர் நீளமுள்ள தண்டு 1 மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.0005 ஆகும். எஃகில் இத்திரிபுக்குரிய தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 நியூட்டன்.

அடுத்ததாக, நியூட்டனின் இயக்க விதியைப் பொருளின் ஒவ்வொரு சிறு கூறுக்கும் பயன்படுத்தினார். தகைவு இடத்திற்கிடம் மாறும் வீதமும் எடை போன்ற விசைகளும் சேர்ந்து, அடர்த்தியும் முடுக்கமும் பெருக்கிய அளவுக்குச் சமமாகின்றன. இதுவே கோஷியின் இயக்கச் சமன்பாடு. இதில் பொருள் எஃகா, நீரா, களிமண்ணா என்பது பற்றிய செய்தி எதுவும் இல்லை. எல்லாப் பொருள்களுக்கும் இது பொருந்தும். பொருளுக்குப் பொருள் வேறுபடுவது தகைவையும் திரிபையும் இணைக்கும் உறவு மட்டுமே. பொதுவான விதி ஒருபுறம், பொருளின் தனித்தன்மை மறுபுறம் என்னும் இப்பாகுபாடே தொடர்ம விசையியலின் அடிப்படை எனலாம்.

மூலக்கூறா, தொடர்மமா?

எல்லாத் திசைகளிலும் ஒரே பண்புடைய பொருளின் மீட்சியைக் குறிக்க எத்தனை மாறிலிகள் தேவை என்பதில் நீண்ட விவாதம் எழுந்தது. மூலக்கூறு ஊகத்தின்படி ஒன்றே போதும். தொடர்ம நோக்கின்படி இரண்டு தேவை. கோஷி 1828-ல் இரண்டு மாறிலிகளைக் கொண்ட சமன்பாட்டை வெளியிட்டார். ஆயினும் அவர் மூலக்கூறு நோக்கையும் கைவிடவில்லை. அவ்வழியிலும் விரிவான கட்டுரைகள் எழுதினார். ஒரு மாறிலிக் கொள்கை சரியெனில், இழுக்கப்படும் தண்டின் பக்கவாட்டுச் சுருக்கத்திற்கும் நீளவாட்டு நீட்சிக்கும் உள்ள விகிதம் எல்லாப் பொருள்களிலும் 0.25 ஆக இருக்க வேண்டும். எஃகில் அது ஏறத்தாழ 0.3, இரப்பரில் 0.5-ஐ நெருங்குகிறது. கோஷியின் மறைவுக்குப் பின், 1880-களில் ஃபோக்ட் படிகங்களில் செய்த அளவீடுகள் இவ்விவாதத்தைப் பெருமளவு முடித்துவைத்தன. அணுக்களின் அமைப்பு அறியப்படாத காலத்திலும் தொடர்ம விசையியல் சரியான விடைகளைத் தந்தது அதன் சிறப்பாகும்.

நாடு கடந்த வாழ்வு

1830 சூலைப் புரட்சியில் பத்தாம் சார்லசு மன்னர் அரியணை இழந்தார். லூயி பிலிப் மன்னரானார். அரசுப் பணியில் இருப்போர் புதிய மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. முன்னர் கொடுத்த உறுதியை மீற முடியாது எனக் கருதிய கோஷி அதை மறுத்தார். ஆசிரியப் பதவிகள் அனைத்தையும் இழந்தார். மனைவியையும் மக்களையும் விட்டுப் பிரான்சை நீங்கினார். சிறிது காலம் சுவிட்சர்லாந்தில் தங்கினார். பின் தூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1833-ல் பிராகா நகருக்குச் சென்று, அங்கு அடைக்கலம் புகுந்திருந்த பத்தாம் சார்லசின் பேரனுக்கு ஆசிரியரானார். இளவரசனுக்கோ கணிதத்தில் நாட்டமில்லை. ஆய்வுக்குச் செலவிட வேண்டிய ஆண்டுகள் இப்பணியில் கழிந்தன. இதற்காக அவருக்குக் கிடைத்தது பாரன் என்னும் பட்டம்.

1838-ல் கோஷி பாரிசு திரும்பினார். அறிவியல் கழகத்தில் அவரது இடம் அப்படியே இருந்தது. ஆனால் உறுதிமொழி எடுக்காதவர் கல்லூரிகளில் கற்பிக்க இயலாது. 1839-ல் தீர்க்கரேகை ஆய்வு மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், அதே காரணத்தால் அரசு அதனை உறுதிசெய்யவில்லை. 1848 புரட்சியில் உறுதிமொழி நீக்கப்பட்டபின், 1849-ல்தான் பேராசிரியர் பதவி மீண்டும் கிடைத்தது. 1852-ல் உறுதிமொழி திரும்பவும் கொண்டுவரப்பட்டபோது கோஷி மறுபடியும் பணியிலிருந்து விலகினார். 1853-ல் மூன்றாம் நெப்போலியன் அவருக்குத் தனி விலக்கு அளித்தார்.

இயல்பும் குறைகளும்

கோஷியின் பிடிவாதம் அவருக்கு நண்பர்களைவிடப் பகைவர்களையே மிகுதியாகத் தந்தது. சமயப் பற்றைக் கல்விச் சூழலில் வெளிப்படையாகக் காட்டியது பலருக்குப் பிடிக்கவில்லை. இளம் ஆய்வாளர்களின் கட்டுரைகளில் அவர் போதிய கவனம் செலுத்தவில்லை என்னும் குற்றச்சாட்டும் உண்டு. நார்வே நாட்டு ஏபல் 1826-ல் அறிவியல் கழகத்திற்கு அளித்த சிறந்த கட்டுரை கோஷியிடம் மதிப்பீட்டிற்காகத் தரப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஏபல் 1829-ல் வறுமையிலும் நோயிலும் இறந்தார். கட்டுரை அச்சேறியது 1841-ல். மறுபுறம், கோஷி ஏழைகளுக்கு உதவுவதில் தளராதவர். அறப்பணி அமைப்புகளில் தொடர்ந்து உழைத்தார்.

அவர் எழுதிய கட்டுரைகள் ஏறத்தாழ 800. அறிவியல் கழகத்தின் வார வெளியீட்டில் கட்டுரைகளின் பக்க அளவு வரையறுக்கப்பட்டதற்கு அவர் அனுப்பிய கட்டுரைகளின் மிகுதியும் ஒரு காரணம் எனக் கூறப்படுகிறது. அவரது படைப்புகளின் முழுத் தொகுப்பு 27 தொகுதிகளாக 1882-ல் தொடங்கி 1974-ல் நிறைவுற்றது.

மறைவும் நினைவும்

கோஷி 1857 மே 23 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள சோ என்னும் ஊரில் காலமானார். பகுப்பியலில் கோஷித் தொடர்வரிசை, கோஷித் தொகையீட்டுத் தேற்றம் ஆகியனவும், விசையியலில் கோஷித் தகைவு டென்சர், கோஷி எண் ஆகியனவும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

அவர் வகுத்த அடிப்படையின் மீது பின்வந்தோர் கட்டினர். சுடோக்சு 1845-ல் பாகுத்தன்மையுள்ள பாய்மங்களின் சமன்பாட்டைத் தகைவின் வழியாக நிறுவினார். மோர் 1882-ல் தகைவுக் கூறுகளை வட்டத்தின் மூலம் வரைந்தறியும் முறையை அளித்தார். இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய எல்லையுறு கூறு முறையும், ஒரு பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோஷியின் ஆறு தகைவுக் கூறுகளையே கணினியால் கணக்கிடுகிறது.

1889-ல் திறக்கப்பட்ட ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களுள் கோஷியின் பெயரும் நேவியரின் பெயரும் உள்ளன.